பதினேழு வயசுல கன்ஃபர்ம் ஆன டாக்டர் சீட்டு

அண்ணாச்சி சாதாரணமா ஞாயித்துக்கிழமை போன் பண்ண மாட்டாரு. காலையில சர்ச்சு, மத்தியானம் பிரியாணி, அப்புறம் தூக்கம்னு அவருக்கு ஒரு ஒழுங்கு உண்டு. அப்படிப்பட்டவர் ஒரு ஞாயித்துக்கிழமை மூணு மணிக்குக் கூப்பிட்டு, "தம்பி, ஒரு எட்டு வீட்டுக்கு வந்துட்டுப் போயேன். பாப்பாவுக்கு லெட்டர் வந்திருக்கு"ன்னாரு. குரல்ல சந்தோஷமா பதட்டமான்னு பிரிச்சுச் சொல்ல முடியல.

போனேன். டைனிங் டேபிள் மேல லெட்டர். இங்க அமெரிக்காவுல உள்ள ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகம். பாப்பா இப்போ பன்னெண்டாங் கிளாஸ். வர்ற ஆகஸ்டுல இளங்கலையில சேரலாம்; அதோட சேர்த்து, மூணு வருஷம் கழிச்சு நடக்கப்போற பிசிக்கல் தெரபி டாக்டர் பட்டப் படிப்புலயும் அவளுக்கு ஒரு இடம் இப்பவே ஒதுக்கியாச்சு. மூணும் மூணும் ஆறு வருஷம். நடுவுல மதிப்பெண் சராசரி 3.4க்குக் கீழ போகக் கூடாது, குறிப்பிட்ட அறிவியல் பாடங்களை முடிச்சிருக்கணும், ஒரு கிளினிக்ல இத்தனை மணி நேரம் நின்னு வேடிக்கை பார்த்திருக்கணும், அப்புறம் ஒரு நேர்காணல். இவ்வளவுதான். இதை ஒழுங்கா பண்ணினா மறுபடி விண்ணப்பம் போட்டு ஊர் ஊரா அலைய வேண்டாம்.

அண்ணாச்சிக்கு சொந்த ஊர் நாசரேத். கிறிஸ்தவப் பல்கலைக்கழகம்னதும் பாதி மனசு அங்கேயே ஓகே சொல்லிடுச்சு. மீதிப் பாதி தான் என்னைக் கூப்பிட்டது.

அன்னிக்கே ஊருக்கு வீடியோ கால்ல சொல்லியிருக்காங்க. ஆச்சி கேட்டிருக்கா: "டாக்டருக்கா படிக்கப் போறட்டி?" "ஆமா ஆச்சி, டாக்டர் ஆஃப் பிசிக்கல் தெரபி." "ஊசி போடுவியா?" "மாட்டேன்." "ஆபரேசன்?" "அதுவும் இல்ல." "பொறவு என்னட்டி டாக்டர்?"

பாப்பா இதை என்கிட்ட சிரிச்சுக்கிட்டே தான் சொன்னா. ஆனா ஆச்சி கேட்டது சாதாரணக் கேள்வி இல்ல. 2025 செப்டம்பர்ல நம்ம இந்தியாவுலயே சுகாதார சேவை தலைமை இயக்குநரகம், பிசியோதெரபிஸ்டுகள் பேருக்கு முன்னால டாக்டர்னு போடக் கூடாதுன்னு ஒரு கடிதம் போட்டு, அடுத்த நாளே அதைத் திரும்ப வாங்கிக்கிச்சு. அமெரிக்காவுல இந்தப் பஞ்சாயத்து நூறு வருஷமா நடக்குது. அந்த லெட்டர் ஏன் அப்படி இருக்குன்னு புரியணும்னா அந்த நூறு வருஷத்தையும் பார்க்கணும். அதனால மக்களே, கொஞ்சம் பெரிய கொசுவத்தியாவே எடுத்து வச்சுக்கோங்க.

1917. அமெரிக்கா முதல் உலகப் போர்ல இறங்குது. ஐரோப்பாவுல இருந்து கை போனவன், கால் போனவன், நரம்பு அறுந்தவன்னு கப்பல் கப்பலா வரப்போறாங்கன்னு ராணுவத்துக்குத் தெரியும். அறுவை சிகிச்சை பண்ண டாக்டர் இருக்காங்க. பண்ணின பிறகு அந்தக் கையை மறுபடி அசைய வைக்க யார் இருக்கா? ஒருத்தரும் இல்ல. இங்கிலாந்துல, ஸ்வீடன்ல இதுக்குன்னு மசாஜும் உடற்பயிற்சியும் படிச்ச பெண்கள் இருந்தாங்க. அமெரிக்காவுல அந்தத் தொழிலே கிடையாது. அவசர அவசரமா ராணுவம் ஒரு படையை உருவாக்கிச்சு. 'ரீகன்ஸ்ட்ரக்‌ஷன் எய்டு'ன்னு பேரு. உதவியாளர், அவ்வளவுதான். எல்லாரும் பெண்கள். பெரும்பாலும் உடற்பயிற்சி ஆசிரியைகள்.

இதுல முதல் ஆளா சேர்ந்தவங்கன்னு சொல்றது மேரி மெக்மில்லன். 1880ல மாசசூசெட்ஸ்ல பிறந்து, சின்ன வயசுலயே இங்கிலாந்துல லிவர்பூலுக்குப் போய் வளர்ந்தவங்க. அங்க ராபர்ட் ஜோன்ஸ்ங்கற பெரிய எலும்பு மருத்துவர்கிட்ட வேலை பார்த்து, தொழிலைக் கத்துக்கிட்டு அமெரிக்கா திரும்பினாங்க. 1918ல வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனை. அங்கிருந்து அதே வருஷம் ஒரிகன் மாநிலத்துல ரீட் காலேஜ்ல பயிற்சி கொடுக்கப் போனாங்க. (அந்த ரீட் வேற, இந்த ரீட் வேற. நானும் முதல்ல குழம்பினேன்.) சில மாசப் பயிற்சி. அங்கிருந்து மட்டும் சுமார் 200 பேர் வெளிய வந்தாங்க. அமெரிக்காவுல பிசியோதெரபி படிப்புன்னா ஆரம்பத்துல இவ்வளவுதான்: சில மாசம்.

இந்தப் பெண்களுக்கு ராணுவப் பதவி கிடையாது. ராணுவ மருத்துவமனையில வேலை, ராணுவ உத்தரவு, ஆனா கணக்குல சிவிலியன். அதனால போர் முடிஞ்சதும் போர் வீரர்களுக்குக் கிடைச்ச சலுகை எதுவும் இவங்களுக்கு இல்ல. "நீங்களும் போர்ப் பணி செஞ்சவங்கதான்"னு அமெரிக்க அரசு ஒத்துக்கிட்டது எப்போ தெரியுமா? 1981 ஜூலையில. அதாவது 63 வருஷம் கழிச்சு. அதுக்குள்ள எத்தனை பேர் உயிரோட இருந்திருப்பாங்க, சொல்லுங்க. மெக்மில்லனே 1959ல போய்ச் சேர்ந்தாச்சு.

1921 ஜனவரியில நியூயார்க்ல 'கீன்ஸ் சாப்ஹவுஸ்'னு ஒரு ஹோட்டல்ல முப்பது பெண்கள் கூடி ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. மெக்மில்லன் தலைவி. ஹோட்டல் இன்னும் அதே தெருவுல இருக்கு. ஆட்டுக்கறிக்குப் பேர் போனது. இந்தச் சங்கம்தான் பேரு மாறி மாறி, 1947ல இருந்து இன்னிக்கு இருக்கற அமெரிக்கன் பிசிக்கல் தெரபி அசோசியேஷன்.

மெக்மில்லன் கதையை இன்னும் ரெண்டு வரி சொல்லாம விட மனசு வரல. 1932ல சீனாவுக்குப் போய் பீக்கிங் யூனியன் மெடிக்கல் காலேஜ்ல பிசியோதெரபி துறையை நடத்தினாங்க. 1941ல ஊர் திரும்பற வழியில மணிலாவுல இருந்தப்போ ஜப்பான் குண்டு போட்டுச்சு. சாண்டோ தோமாஸ் கைதி முகாம். அறுபது வயசைத் தாண்டின அம்மா, முகாமுக்குள்ளயும் மத்த கைதிகளுக்கு கை கால் பிடிச்சு சிகிச்சை பண்ணிக்கிட்டு இருந்தாங்க. அவங்க பேருக்கு முன்னால டாக்டர்னு யாரும் போட்டது கிடையாது.

அமெரிக்காவுல அதே முப்பதுகள்ல டாக்டர்களுக்கும் இவங்களுக்கும் இழுபறி. 'தெரபிஸ்ட்'ங்கற வார்த்தையே வேண்டாம், 'டெக்னீஷியன்'னு கூப்பிடுங்கன்னாங்க டாக்டர்கள். பதிவேட்டுல அந்தப் பேர்தான் ஏறிச்சு. டாக்டர் சீட்டு எழுதித் தராம நோயாளி மேல கை வைக்க மாட்டோம்னு சங்கமே ஒழுக்க விதியில எழுதிக்கிச்சு. இன்னொரு பக்கம் படிப்பைக் கொஞ்சம் கொஞ்சமா நீட்டினாங்க. 1928ல குறைந்தபட்சப் பாடத்திட்டம்: ஒன்பது மாசம், 1,200 மணி நேரம். அதுல சேரவே நர்சிங்கோ உடற்கல்வியோ முடிச்சிருக்கணும்.

தொழிலைத் தூக்கி நிறுத்தினது போலியோ. இளம்பிள்ளை வாதம்னு நாம சொல்றது. 1952ல மட்டும் அமெரிக்காவுல சுமார் 58,000 பேருக்கு வந்துச்சு. மருந்து கிடையாது. காய்ச்சல் போன பிறகு சூம்பின காலை வச்சுக்கிட்டு என்ன பண்றது? அங்க டாக்டரை விட இந்த அம்மாக்கள்தான் தேவைப்பட்டாங்க. ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டே போலியோ நோயாளிங்கறதால 1938ல ஆரம்பிச்ச அறக்கட்டளைக்குப் பணம் கொட்டுச்சு; அந்தப் பணத்துல நிறைய பேர் பிசியோதெரபி படிச்சாங்க. 1955ல சால்க் தடுப்பூசி வந்தப்போ பெரும் கூட்டமா பயிற்சி பெற்றவங்க கையில வேலை குறையற நிலைமை. ஆனா 1965ல மெடிகேர் வந்துச்சு. அரசாங்கமே முதியவங்க மருத்துவச் செலவுக்குப் பணம் கொடுக்க, பக்கவாதம், இடுப்பு எலும்பு முறிவுன்னு புதுக் கூட்டம் வந்துடுச்சு. தொழில் பொழைச்சுக்கிச்சு.

படிப்புக் கதைக்கு வருவோம். 1960ல சங்கம், இளங்கலைப் பட்டம் இல்லாம யாரும் இந்தத் தொழிலுக்கு வரக் கூடாதுன்னு தீர்மானம் போட்டுச்சு. 1975ல ஹெலன் ஹிஸ்லப்னு ஒரு பேராசிரியை, மெக்மில்லன் பேர்லயே நடக்கற சொற்பொழிவுல, நம்ம தொழில் இன்னும் உயரணும்னு பேசினது இன்னிக்கும் அந்த வட்டாரத்துல பேசப்படுது. 1979ல அடுத்த தீர்மானம்: இளங்கலை போதாது, அதுக்கு மேல வேணும், 1990க்குள்ள. 1990க்குள்ள முடியல, அது வேற விஷயம். தீர்மானம் போட்டா தேதி தள்ளிப்போறது நம்ம ஊர்ல மட்டும்தான்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன் :-)

முதல் முதலா "சேர்ந்தா டாக்டர் பட்டத்தோடதான் வெளிய வருவே"ன்னு பிசியோதெரபி படிப்பை ஆரம்பிச்சது யாரு? ஹார்வர்டு இல்ல, ஸ்டான்ஃபோர்டு இல்ல. நெப்ராஸ்கா மாநிலத்துல ஒமாஹாங்கற ஊர்ல இருக்கற க்ரெய்ட்டன். 1878ல ஆரம்பிச்ச ஏசு சபைப் பல்கலைக்கழகம். நம்ம சென்னை லயோலாவை நடத்தற அதே சபை. 1993ல முதல் வகுப்பு, 1996ல முதல் பட்டம். அங்க மருந்தாளுநர் படிப்பு ஏற்கனவே டாக்டர் பட்டமா மாறிக்கிட்டு இருந்த காலம். அதே குடைக்குள்ள பிசியோவும் வந்ததால அவங்களுக்கு அது பெரிய தாவலா தெரியல. இன்னொரு வேடிக்கை, டாக்டர் சீட்டு இல்லாம நேரடியா பிசியோதெரபிஸ்டைப் போய்ப் பார்க்கலாம்னு முதல்ல சட்டம் ஒத்துக்கிட்ட மாநிலமும் நெப்ராஸ்காதான், 1957ல. மத்த மாநிலங்கள் எல்லாம் ஏதோ ஒரு அளவுக்காவது அதுக்கு ஒத்துக்க 2015 வரைக்கும் ஆச்சு.

அப்புறம் வேகம்தான். 2000ல சங்கம் '2020 கனவு'ன்னு ஒரு அறிக்கை போட்டு, எல்லாரும் டாக்டர் பட்டதாரிகளா இருக்கணும்னுச்சு. 2002ல இளங்கலைப் படிப்புகளுக்கு அங்கீகாரம் நின்னுச்சு. 2015 கடைசிக்குள்ள முதுகலையும் போச்சு. இப்போ அமெரிக்காவுல புதுசா பிசியோதெரபிஸ்ட் ஆகணும்னா டி.பி.டி. ஒண்ணுதான் வழி. 1918ல சில மாசம். இப்போ ஆறு, ஏழு வருஷம். வேலை மாறியிருக்கா? மாறியிருக்கு, ஒத்துக்கறேன். இன்னிக்கு அவங்க படிக்கற நரம்பியலும் மருந்தியலும் நோயைக் கண்டுபிடிக்கற பயிற்சியும் அன்னிக்குக் கிடையாது. நோயாளி நேரா வந்து நிக்கும்போது, இது முதுகுவலியா இல்ல முதுகுத்தண்டுல கட்டியான்னு சந்தேகப்படத் தெரியணும். ஆனா ஒவ்வொரு வருஷம் கூடினதும் நோயாளிக்காக மட்டும்தான் கூடிச்சுன்னு யாராவது சொன்னா நான் நம்ப மாட்டேன். கொஞ்சம் மானப் பிரச்சினையும் இருந்துச்சு. பல வருஷம் 'உதவியாளர்', 'டெக்னீஷியன்'னு கூப்பிட்டதுக்குப் பதில் அது.

இப்போ பாப்பா லெட்டருக்கு வர்றேன்.

இளங்கலையா இருந்த காலத்துல, பள்ளிக்கூடம் முடிச்சுக் காலேஜ்ல சேரும்போதே பிசியோதெரபின்னு சேர்ந்துக்கலாம். நம்ம ஊர்ல இன்னிக்கும் பி.பி.டி. அப்படித்தானே. டாக்டர் பட்டமா ஆனதும் என்னாச்சு? முதல்ல ஏதாவது ஒரு இளங்கலை, அப்புறம் புதுசா விண்ணப்பம், போட்டி, வேற ஊர், வேற காலேஜ். பதினேழு வயசுப் பிள்ளையைப் "பிசியோ படிக்க வா"ன்னு கூப்பிட்டுக்கிட்டு இருந்த காலேஜுகளுக்கு அந்த வார்த்தையே இல்லாமப் போச்சு. அதனால பழைய நேரடி சேர்க்கையையே புதுப் படிப்புக்குள்ள கொண்டுவந்தாங்க. முதல் மூணு வருஷம் இளங்கலை, நாலாவது வருஷம் இளங்கலைக்கும் டாக்டர் பட்டத்துக்கும் சேர்த்துக் கணக்கு. மில்வாக்கியில இருக்கற மார்க்வெட் இதுல பேர் போனது. அதுவும் ஏசு சபைதான். முதலாம் ஆண்டுலயே சேர்த்துக்கிட்டு ஆறு வருஷத்துல டாக்டரா அனுப்பறது. யோசனை பிசியோவுல பிறந்தது இல்ல, எம்.டி. படிப்புக்கு நார்த்வெஸ்டர்ன் 1961லயே இப்படி ஒரு வழி வச்சிருந்துச்சு. இன்னும் சில இடங்கள்ல காலேஜ்ல ரெண்டு வருஷம் படிச்ச பிறகு "உனக்கு இடம் உறுதி"ன்னு சொல்லுவாங்க. சில சின்ன காலேஜுகள்ல டி.பி.டி.யே இருக்காது, இருக்கற வேற பல்கலைக்கழகத்தோட ஒப்பந்தம் போட்டு வருஷத்துக்கு இத்தனை இடம்னு வாங்கி வச்சிருக்கும்.

இதுல கிறிஸ்தவக் கல்லூரிகள் ஏன் இவ்வளவு? "என்ன சித்தப்பா, எங்க பார்த்தாலும் சர்ச் காலேஜாவே இருக்கு?"ன்னு பாப்பாவும் கேட்டா. ரெண்டு காரணம். ஒண்ணு பழசு. உடம்பைத் தொட்டு சரி பண்றதை ஊழியமாப் பார்த்த சபைகள் இருக்கு. அட்வென்டிஸ்டுகள் அதுல முக்கியம். கார்ன்ஃப்ளேக்ஸ் புகழ் கெல்லாக் தெரியுமில்லையா, அந்த ஜான் ஹார்வி கெல்லாக் மிச்சிகன்ல பேட்டில் கிரீக் ஊர்ல நடத்தின சுகாதார விடுதியில தண்ணி சிகிச்சை, மின்விளக்குக் குளியல், மசாஜ்னு எல்லாம் உண்டு. 1895லயே மசாஜ் பத்திப் புத்தகம் போட்டவரு. பின்னால சபையோட சண்டை போட்டு 1907ல வெளிய தள்ளப்பட்டாரு. ஆனா அந்த வழிமுறை சபைக்குள்ளயே தங்கிடுச்சு. கலிபோர்னியாவுல அவங்களோட லோமா லிண்டாவுல பிசியோதெரபி படிப்பு 1941லேர்ந்து இருக்கு. கத்தோலிக்கப் பக்கம் கன்னியாஸ்திரீகள் நடத்தின மருத்துவமனைகள், அதை ஒட்டிப் படிப்புகள்.

ரெண்டாவது காரணம் புதுசு. அது கல்லாப்பெட்டி. சின்னத் தனியார் கிறிஸ்தவக் கல்லூரிகளுக்குப் பெரிய அறக்கட்டளைப் பணம் கிடையாது, மாணவர் கட்டணம்தான் சோறு. 2008 பொருளாதாரச் சரிவுக்கு அப்புறம் அமெரிக்காவுல பிள்ளை பிறப்பு குறைஞ்சுச்சு. அந்தப் பிள்ளைங்கதான் இப்போ காலேஜ் வயசுக்கு வர்றாங்க. இலக்கியமும் இறையியலும் சொல்லிக்கொடுத்து வகுப்பை நிரப்ப முடியல. 2006 ஜூலையில இருந்து மத்திய அரசு பட்டமேற்படிப்புக்கு, காலேஜ் சொல்ற செலவு அளவுக்குக் கடன் கொடுக்க ஆரம்பிச்சுச்சு. 'கிராட் பிளஸ்'னு பேரு. மாணவன் கட்டணத்தைக் கடனா வாங்கிக் கட்டலாம்னா, காலேஜ் புதுசா டி.பி.டி. ஆரம்பிக்கத் தயங்குமா? இன்னிக்கு முந்நூறைச் சுற்றி டி.பி.டி. படிப்புகள் இருக்கு. உறுதி சீட்டுங்கறது அந்தக் கடையோட வாசல்ல கட்டின தோரணம். நான் இதைத் தப்புன்னு சொல்லல. ஆறு வருஷத்துக்கு ஒரு மாணவி நிச்சயம்னா காலேஜுக்கும் நிம்மதி, மாணவிக்கும் நிம்மதி. நிம்மதிக்கு யார் பில் கட்டறாங்கன்னுதான் பார்க்கணும்.

இதை அண்ணாச்சிகிட்ட சொன்னேன். "தம்பி, வேலூர்லயும்தான் சர்ச்சு மூலமா சீட்டு உண்டு. எங்க சித்தி மக அப்படித்தான் போனா"ன்னாரு. நல்ல பாயிண்டு. எனக்கும் அது தோணாம இல்ல.

வேலூர் சி.எம்.சி. அமெரிக்க மிஷனரி ஐடா ஸ்கடர் 1900ல தொடங்கினது. பிசியோதெரபி வரலாறுலயும் அந்த ஊருக்கு இடம் உண்டு. 1946ல வந்த பால் பிராண்டு, தொழுநோயால மடங்கிப்போன விரல்களை தசைநாண் மாத்தி வச்சு நிமிர்த்தினாரு. ஆனா ஆபரேசன் பாதிதான்; புதுத் தசைநாணை வச்சு விரலை எப்படி அசைக்கறதுன்னு மூளைக்குக் கத்துக்கொடுக்கற மீதிப் பாதி பிசியோதெரபி. மேரி வர்கீஸ் கதை உங்கள்ல பலருக்குத் தெரிஞ்சிருக்கும். 1954ல கார் விபத்துல இடுப்புக்குக் கீழ செயலிழந்த டாக்டர். சக்கர நாற்காலியில உட்கார்ந்தே அறுவை சிகிச்சை பண்ணினாங்க. அப்புறம் நியூயார்க்ல ஹோவர்ட் ரஸ்க்கோட நிறுவனத்துல மறுவாழ்வு மருத்துவம் படிச்சுட்டு வந்து வேலூர்ல அந்தத் துறையைத் தொடங்கினாங்க. பாகாயத்துல 1966ல திறந்த மறுவாழ்வு மையம் அப்படி வந்ததுதான்.

அங்க சபை ஒரு பிள்ளையைப் பரிந்துரைச்சு அனுப்பினா, அந்தப் பிள்ளை படிச்சு முடிச்சதும் ரெண்டு வருஷம் சபை சொல்ற மிஷன் மருத்துவமனையில வேலை செய்யணும். பெரும்பாலும் பட்டிக்காடு. சீட்டுக்குப் பதில் வேலை. இதை எவ்வளவு கெட்டியாப் பிடிச்சிருந்தாங்கன்னா, 2017ல நீட் வந்து எங்க சேர்க்கை முறையே போச்சுன்னு சொல்லி, 100 எம்.பி.பி.எஸ். இடத்துல ஒரே ஒரு மாணவரை மட்டும் சேர்த்துக்கிட்டு மீதி 99ஐயும் காலியா விட்டாங்க. அது சரியா தப்பான்னு தனியாச் சண்டை போடலாம். ஆனா ஒப்பந்தம் புரியுது: உனக்கு இடம் உறுதி, நீ அங்க போறது உறுதி.

பாப்பாவோட லெட்டர்ல அந்த ரெண்டாவது பாதியைத் தேடினேன். எந்த மிஷன் ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டாம். ஜெப ஆராதனைக்கு இத்தனை முறை வரணும், வேதாகமப் பாடம் எடுக்கணும். அவ்வளவுதான். அப்போ இடம் உறுதிக்குப் பதில் உறுதி எது? கடன்தான். சங்கமே 2020ல வெளியிட்ட அறிக்கைப்படி, புதுசா தொழிலுக்கு வர்றவங்கள்ல பத்துல ஒன்பது பேருக்கு மேல கல்விக் கடன், சராசரி ஒண்ணரை லட்சம் டாலரை ஒட்டி. சம்பளமோ நடுவாந்திரமா வருஷத்துக்கு ஒரு லட்சம் டாலர் பக்கம். ஒரு பட்டிக்காட்டு ஆஸ்பத்திரிக்கு ஊழியம் பண்ணப் போறேன்னு இவ நினைச்சாலும் அந்தக் கடன் விடுமா?

இதுக்கு மேல ஒரு கூத்து. 2025 ஜூலை 4ல கையெழுத்தான சட்டம், அந்த கிராட் பிளஸ் கடனைப் புதுசா சேர்றவங்களுக்கு 2026 ஜூலை 1லேர்ந்து நிறுத்துது. அதுக்குப் பதில் ரெண்டு உச்சவரம்பு. தொழில்முறைப் படிப்புன்னா வருஷத்துக்கு 50,000 டாலர் வரை. சாதாரண மேற்படிப்புன்னா 20,500. எது தொழில்முறைப் படிப்புன்னு முடிவு பண்ண கல்வித்துறை கூட்டின குழு 2025 நவம்பர்ல ஒரு பட்டியலுக்கு ஒத்துக்கிச்சு. மருத்துவம், பல் மருத்துவம், சட்டம் எல்லாம் இருக்கு. எலும்பை நெட்டி முறிக்கற கைரோப்ராக்டிக் இருக்கு. இறையியல் இருக்கு! பிசிக்கல் தெரபி இல்ல. நூறு வருஷம் படியேறி, பேருக்கு முன்னால டாக்டரும் போட்ட பிறகு, ஆச்சி கேட்ட அதே கேள்வியை வாஷிங்டன்ல கேட்டிருக்காங்க: பொறவு என்ன டாக்டர்?

கணக்கு போட்டுக் காட்டினேன். மூணு வருஷத்துக்கு 20,500ன்னா 61,500. பெரும்பாலான தனியார் டி.பி.டி.க்கு அது கட்டணத்துக்கே பத்தாது, அப்புறம்தானே வாடகை. மீதிக்குத் தனியார் வங்கி. அப்பா கையெழுத்து, அதிக வட்டி. இந்தச் சீட்டு உறுதின்னு லெட்டர் சொல்லுது. அந்தச் சீட்டுல உட்கார அன்னிக்குப் பணம் கிடைக்கும்னு லெட்டர் சொல்லல. 2029ல என்ன கட்டணம்னும் சொல்லல.

இன்னொரு விஷயம் எனக்குள்ள உறுத்திக்கிட்டே இருந்துச்சு. நம்ம ஊர்ல நாலரை வருஷம் பி.பி.டி. படிச்சுட்டு அமெரிக்கா வந்த எத்தனையோ பேர் இருக்காங்க. இவங்க பட்டத்தை டாக்டர் வரைக்கும் உயர்த்தினப்போ, அந்தப் பிள்ளைங்களோட படிப்பு இங்கத்த படிப்புக்கு ஈடா இல்லையான்னு ஒவ்வொரு பாடமா நிறுத்துப் பார்க்கறது கடுமையாச்சு. 2010 ஜூலையில, கேள்வித்தாள் கசிஞ்சதுன்னு சொல்லி, இந்தியா, பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ், எகிப்து நாலு நாட்டுக் கல்லூரிகள்ல படிச்ச எல்லாரையுமே உரிமத் தேர்வு எழுத விடாம நிறுத்தினாங்க. திருட்டுத்தனம் பண்ணினவன் பண்ணாதவன் பேதமில்ல. 2011 ஜூலையில இருந்து எல்லாருக்கும் குறிப்பிட்ட தேதியில மட்டும் தேர்வுன்னு மாத்தினாங்க. அந்த நடுவுல விசாவும் வேலையும் போனவங்க வீட்டுக் கதையை நான் நேர்ல கேட்டிருக்கேன். பாப்பா இங்கயே படிக்கறதால இந்தத் தொல்லை இல்ல. அவளுக்கு இது பெரிய சாதகம்னு சொல்லியே ஆகணும்.

"அப்போ போக வேண்டாம்ங்கறியா?"ன்னு அண்ணாச்சி கேட்டாரு. நான் அப்படிச் சொல்லல. கையில இருக்கற இடத்தை வேண்டாம்னு சொல்ல நான் யாரு. அதோட அந்த லெட்டர் அவளைக் கட்டிப்போடல. மூணு வருஷம் கழிச்சு வேண்டாம்னா வேற மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போடலாம், ஒரு அரசுப் பல்கலைக்கழகத்துல கட்டணம் பாதியா இருக்கலாம். உறுதி ஒரு பக்கம்தான். அவங்கதான் மாட்டிக்கிட்டிருக்காங்க, இவ இல்ல. அதை யாரும் அவளுக்குச் சொல்லல.

மதினி அதுவரைக்கும் பேசவே இல்ல. டீயை வச்சுட்டு, "முந்தி இந்த மாதிரி சீட்டு வாங்கின பிள்ளையள்ல எத்தன பேரு முடிச்சிருக்கு?"ன்னு கேட்டாங்க. மூணு மணி நேரம் வரலாறு பேசின எனக்கு அது தோணவே இல்ல.

பாப்பா லேப்டாப்பை எடுத்தா. பல்கலைக்கழகத்துக்கு ஒரு மின்னஞ்சல். போன அஞ்சு வருஷத்துல உறுதி இடத்தோட சேர்ந்தவங்க எத்தனை பேர், அதுல டி.பி.டி.க்குள்ள போனவங்க எத்தனை, முடிச்சவங்க எத்தனை, வெளிய வந்தப்போ சராசரிக் கடன் எவ்வளவு, 3.4ங்கறதை இவங்க நடுவுல மாத்த முடியுமா. அஞ்சு கேள்வி. "தேங்க்ஸ் அண்ட் காட் பிளஸ்"னு கீழ போட்டு அனுப்பினா. முன்பணம் கட்ட மே 1 வரைக்கும் நேரம் இருக்கு.